லாக் கதவுகள் கசிகின்றன, உரிமக் கட்டணம் ஏறுகிறது: இங்கிலாந்துக் கால்வாய்களில் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

வடகரை எழுதியது:

வணக்கம். இரண்டு மாதங்களாக மனத்தில் கிடந்து உறுத்தும் ஒன்றை முறையாக எழுதிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். நானும் என் மனைவியும் ஆறு ஆண்டுகளாக இங்கிலாந்தின் நடுப்பகுதியில் 57 அடி நேரோபோட் (கால்வாய்களுக்கென்றே செய்த ஒடுக்கமான படகு) ஒன்றில் வசித்து வருகிறோம். கால்வாயில் படகு வைத்திருக்கும் செலவு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது. படகு நகர்வதற்குத் தேவையான லாக்குகளோ ஆண்டுதோறும் மோசமாகிக்கொண்டே போகின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

இந்தக் கால்வாய்களைப் பார்த்திராத உறுப்பினர்களுக்காக ஒரு சிறு விளக்கம். லாக் என்பது இரு முனைகளிலும் கதவுள்ள ஒரு செங்கல் தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடிவிட்டு, முன்கதவின் அடியில் உள்ள மதகுப் பலகையை உயர்த்தி நீரை வடியவிட்டால், படகு தொட்டிக்குள்ளேயே மெல்லக் கீழே இறங்கும். கீழ்ப்பக்க நீரோடு மட்டம் சேர்ந்த பிறகே கதவு திறக்கும். அதற்கு முன் யானையைக் கட்டி இழுத்தாலும் அசையாது. பெரும்பாலான இடங்களில் மின்சாரமோ பணியாளோ கிடையாது. விண்ட்லாஸ் என்னும் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி, மதகோடு இணைந்த பல்சட்டத்தை உயர்த்துவதும், கதவோடு இணைந்த நீண்ட மரத்தண்டில் முதுகைச் சாய்த்துத் தள்ளுவதும் படகில் வருபவரின் வேலை.

கடந்த ஆகஸ்டு இறுதியில் தொடர் லாக்குகள் வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். எந்தக் கால்வாய், யாருடைய பொறுப்பு என்று நான் குறிப்பிடப் போவதில்லை; அங்கு வந்து உதவிய பணியாளர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏழாவது லாக்கில் கீழ்க்கதவுகளில் இருந்த இரண்டு மதகுகளில் ஒன்றை நாடாவால் சுற்றிக் கட்டி, "பயன்படுத்த வேண்டாம்" என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அட்டையில் இருந்த தேதி ஏப்ரல் மாதத்தியது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, எழுத்தே மங்கிவிட்டது. மற்றொரு மதகை உயர்த்தினோம். மட்டம் சேரச் சில அங்குலமே இருக்கும்போது நீர் அப்படியே நின்றுவிட்டது. காரணம் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மேல்கதவின் பலகைகள் உளுத்துப்போய், இடுக்குகளில் புல் முளைத்து, கைத்தடிமனில் நான்கைந்து இடங்களில் நீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மதகு எவ்வளவு நீரை வெளியேற்றியதோ, அவ்வளவையும் அந்தக் கசிவு உள்ளே கொண்டுவந்து நிரப்பியது. மட்டம் சேராததால் கதவு திறக்கவில்லை. பின்தளத்தில் நின்றிருந்த என் மனைவி தொப்பலாக நனைந்துவிட்டார். இயந்திர அறைக்குள் புகுந்த நீரை வாளியால் இறைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து வேறு இரு படகுகளில் வந்தவர்களும் சேர்ந்து தள்ளியதில் கதவு ஒரு வழியாகத் திறந்தது. அடுத்த லாக்குக்குப் போகும் இடைவெளியில் நீர் வற்றியிருந்ததால் படகு சேற்றில் அமர்ந்தது. பதினொரு நாள் அங்கேயே இருந்தோம்.

இப்போது செலவுக் கணக்கு. ஓராண்டு உரிமக் கட்டணம் மட்டும் ஆயிரம் பவுண்டுக்கு மேல். அதைப் பெற வேண்டுமானால் காப்பீடும், நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழும் கட்டாயம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை படகைக் கரையேற்றி அடிப்பகுதிக்குத் தார் பூச வேண்டும். கட்டுத்துறை வாடகை, டீசல், கரி, எரிவாயு எல்லாம் தனி. இவற்றில் என் கையில் இருப்பவற்றைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. படகு என்னுடையது, தாரும் என் பொறுப்பு. உரிமக் கட்டணம் மட்டும்தான் நீர்வழிக்காக நான் கொடுக்கும் பணம். அந்த நீர்வழி பதினொரு நாள் எனக்குக் கிடைக்கவில்லை. மற்றவர்களின் அனுபவம் என்ன?

கரைநடை எழுதியது:

நண்பர் வடகரைக்கு நேர்ந்தது வருத்தத்திற்குரியது. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். நான் படகு இல்லாதவன். பர்மிங்காமில் ஒரு கால்வாய்க்கு அருகே குடியிருக்கிறேன். வேலைக்குப் போகும்போது தினமும் கரைப்பாதையில் நடக்கிறேன். கால்வாய்களில் முன்பு நிலக்கரியும் இரும்பும் பீங்கானும் போயின. இன்று பெரும்பாலும் பொழுதுபோக்குப் படகுகளே போகின்றன. மருத்துவமனையில் படுக்கைக்குக் காத்திருப்பவர்களும், வீட்டு வாடகை கட்டத் திணறுபவர்களும் இருக்கும் நாட்டில், ஒருவருடைய படகுக்காக லாக் கதவு மாற்றுவதற்குப் பொதுப்பணத்தைக் கேட்பது எந்த அளவுக்கு நியாயம்? பயன்படுத்துபவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்பது பொதுவான நியதி. கட்டணம் ஏறுவது வலிக்கும் என்பது புரிகிறது. ஆனால் அது போதவில்லை என்றால், இன்னும் ஏற்றுவதுதானே வழி?

இதைச் சண்டைக்காக எழுதவில்லை. உண்மையாகவே விடை தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

செங்கல்சுண்ணாம்பு எழுதியது:

கரைநடை ஐயா கேட்டது நேர்மையான கேள்வி. அதற்கு நேராகவே பதில் சொல்ல முயல்கிறேன். நான் கட்டடப் பொறியாளர். பழைய செங்கல் கட்டுமானங்களைச் சீர்செய்யும் துறையில் நெடுநாள் இருப்பவன்.

முதலில் வடகரை பார்த்த கசிவை எடுத்துக்கொள்வோம். ஒடுக்கமான லாக் ஒன்று ஏறத்தாழ 22 மீட்டர் நீளமும் 2.1 மீட்டர் அகலமும் கொண்டது. நீர்மட்ட வேறுபாடு 2 மீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், ஒரு படகு இறங்க ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீர் செலவாகும். இனி ஒரு கணக்குக்காக, உளுத்த கதவு வழியாக விநாடிக்கு 5 லிட்டர் ஒழுகுவதாகக் கொள்ளுங்கள். இரண்டு விநாடிக்கு ஒரு வாளி, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு அது 4,32,000 லிட்டர். அதாவது நான்கு படகுகள் கடந்து போவதற்கான நீர், ஒரு படகும் வராமலே, இரவும் பகலும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. தொடர் லாக்குகளில் ஒன்றின் கசிவு மேலே உள்ள இடைநீரை, அதாவது இரு லாக்குகளுக்கு நடுவே நிற்கும் நீரை, வற்றச் செய்யும். அந்த இடைநீரை நிரப்ப மலையுச்சி நீர்த்தேக்கத்தைத் திறக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு வறட்சியில் 127 மைல் நீளமுள்ள லீட்ஸ் லிவர்பூல் கால்வாயில் நெடுந்தூரத்திற்கும், வேறு பல கால்வாய்களிலும் லாக்குகளைப் பூட்டிவிட்டார்கள். மழை பெய்யாதது யார் குற்றமும் ஆகாது. ஆனால் கையிருப்பு நீர் குறைவாக இருக்கும் ஆண்டில் ஒழுகும் கதவு என்ன செய்யும் என்பதை நம் ஊரில் ஏரிப்பாசனம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கதவு கருவாலி மரத்தால் செய்யப்படுவது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைக்கும். இங்கிலாந்தில் கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் அமைப்புக்கு வேக்ஃபீல்டு அருகே ஸ்டான்லி ஃபெரியிலும், மேற்கு மிட்லாண்ட்ஸ் பிராட்லியிலும் இதற்கான பட்டறைகள் இருக்கின்றன. ஒரு லாக்கின் கதவு அடுத்த லாக்குக்குப் பொருந்தாது. ஒவ்வொரு தொட்டியும் இருநூறு ஆண்டுகளில் தன் போக்கில் சாய்ந்தும் அமிழ்ந்தும் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளவெடுத்துச் செய்ய வேண்டும். அந்த அமைப்பிடம் 1,500க்கும் மேற்பட்ட லாக்குகள் உள்ளன. எனவே ஆண்டுக்கு அறுபது லாக்குகளுக்காவது கதவு மாற்றினால்தான் 25 ஆண்டுச் சுற்று ஒழுங்காக நடக்கும். எண்ணிக்கை எப்போது குறைந்தாலும் பின்னால் ஒரு வரிசை சேரத் தொடங்கும். அந்த வரிசையில் நிற்கும் கதவைத்தான் வடகரை பார்த்திருக்கிறார்.

கதவைவிடச் சுவர் எனக்குக் கவலை தருகிறது. மரக்கதவு உளுப்பது கண்ணுக்குத் தெரியும். செங்கல் தொட்டியின் பின்னால் இருக்கும் மண் நீரில் ஊறி, குளிர்காலத்தில் உறைந்து உப்பி, சுவரை உள்நோக்கித் தள்ளுவது கண்ணுக்குத் தெரியாது. லாங்கோலன் கால்வாயின் தொடக்கத்தில் உள்ள ஹர்ல்ஸ்டன் லாக்குகளில் இப்படிச் சுவர் நகர்ந்து, காலங்காலமாகப் போய்வந்த பழைய படகுகள் சில நுழைய முடியாமல் சிக்கிக்கொண்டன. கடைசியில் தொட்டியையே இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. சுண்ணாம்புக் காரை உதிர்ந்தபோதே பூசியிருந்தால் ஒரு கொத்தனாரும் சித்தாளும் சில நாளில் முடித்திருக்கக்கூடிய வேலை, சுவர் நகர்ந்த பிறகு பாரந்தூக்கியும் கான்கிரீட்டும் தடுப்பணையும் கேட்கும். பராமரிப்பைத் தள்ளிப்போடுவதால் மிச்சமாவது ஒன்றும் இல்லை.

கரைநடை ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். கால்வாய் என்பது படகு போகும் பாதை மட்டும் என்றால் உங்கள் வாதம் சரியே. ஆனால் நீங்கள் தினமும் நடக்கும் பாதை கால்வாயின் கரை. கரைக்குள் நிற்கும் நீருக்கு லாக்கும் மிகைநீர் போக்கியும் நீர்த்தேக்கமும்தான் காவல். பல ஊர்களில் மழைநீர் வடிவதும் கால்வாய்க்குள்தான். நாளைக்கே எல்லாப் படகுகளையும் அகற்றிவிட்டாலும் அந்தக் கரையையும் நீரையும் பராமரித்தே ஆக வேண்டும். கைவிட்டால் உடைப்பெடுத்து யாருடைய வீட்டுக்குள்ளாவது போகும்.

நாடோடிப்படகு எழுதியது:

நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். வாடகை கொடுத்து மாளாததால் படகுக்கு வந்தவள். பொழுதுபோக்குக்காக வந்தவள் அல்ல என்பதை முதலில் கரைநடை அண்ணாவுக்குப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு நிலையான கட்டுத்துறை கிடையாது. 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி, என்னைப் போன்றவர்கள் உண்மையான பயணத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் 14 நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது. சூழ்நிலைக்கு ஏற்ப நியாயமான அளவு கூடுதல் நாள்கள் தங்கலாம் என்று சட்டமே விலக்கும் தருகிறது.

லாக் பழுதானால் எங்கள் நிலைமை என்ன என்று எண்ணிப் பாருங்கள். சட்டம் நகரச் சொல்கிறது, கதவு நகரவிடாது. விலக்கு இருக்கிறது என்றாலும், நான் தங்கியதற்குக் காரணம் இன்ன லாக் என்று நான்தான் படம் எடுத்து, தேதி குறித்து, கடிதம் எழுதி விளக்க வேண்டும். சென்ற குளிர்காலத்தில் என் படகுக்கு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் வழி அடைபட்டது. இடையில் இருந்த ஐந்து மைலில் குடிநீர்க் குழாய் ஒன்றுகூட இல்லை. கழிவறைப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து, இரவுப் பணி முடித்து வந்த காலில் மூன்று மைல் தள்ளிக்கொண்டு போய்க் காலி செய்துவிட்டு வந்தேன். பாதை உறைபனியில் வழுக்கியது. அது ஒரு முறை நடந்தது அல்ல. ஆறு வாரம் நடந்தது.

இந்த நிலையில் நிலையான துறை இல்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் உரிமக் கட்டணத்துடன் ஐந்து விழுக்காடு கூடுதலாக வந்தது. அது ஆண்டுக்கு ஐந்தைந்தாக ஏறி 2028இல் இருபத்தைந்து விழுக்காட்டில் நிற்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் கால்வாயை அதிகமாகப் பயன்படுத்துகிறோம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பயன்படுத்தினால் கொடுக்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால், பயன்படுத்த முடியாமல் போன ஆறு வாரங்கள் எந்தக் கணக்கில் சேரும்? துறை உள்ளவர் லாக் பழுதானால் தம் துறையிலேயே மின் இணைப்போடு இருப்பார். லாக்கின் நிலை யாரை அதிகம் பாதிக்கிறதோ, அவர்களிடம்தான் கட்டணமும் அதிகம் ஏறுகிறது.

வடகரை எழுதியது:

சகோதரி எழுதியதைப் படித்ததும் எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. என்னிடம் நிலையான துறை இருக்கிறது. பதினொரு நாள் கழித்து நான் அங்கே திரும்பிவிட்டேன். கூடுதல் கட்டணம் அறிவித்தபோது, "துறைக்கு நான் ஆண்டுதோறும் கொட்டிக்கொடுக்கிறேன், அவர்களும் ஏதாவது கொடுக்கட்டுமே" என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். என் துறை வாடகையில் பெரும்பகுதி தனியார் துறை உரிமையாளருக்குப் போகிறதே தவிர லாக் கதவுக்குப் போவதில்லை என்பதை அப்போது யோசிக்கவில்லை.

படகுக்காரர்கள் நிலையான துறை உள்ளவர், இல்லாதவர் என்றும், ஒடுக்கப் படகு, அகலப் படகு என்றும் பிரிந்து நின்று ஒருவர் மற்றவரின் கட்டணத்தைக் கணக்குப் பார்ப்பதை ஒவ்வொரு ஊர்க் கூட்டத்திலும் பார்க்கிறேன். ஏழாவது லாக்கில் எனக்காகக் கதவைத் தள்ளியவர்களில் ஒருவர் அகலப் படகுக்காரரின் மகன். விடுமுறைக்காக நண்பரோடு வந்தவர். அவருடைய தந்தையின் படகு அந்தக் கால்வாய்க்குள் நுழையவே முடியாது.

விடுமுறைப்பயணி எழுதியது:

படகு சொந்தமாக இல்லாதவர்களின் பக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நாங்கள் லெஸ்டரிலிருந்து இரண்டு குடும்பமாக, என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு, கடந்த கோடையில் ஒரு வாரத்துக்கு நேரோபோட் வாடகைக்கு எடுத்தோம். ஒரு வட்டப் பாதையைச் சுற்றி வருவதாகத் திட்டம். மூன்றாம் நாள் ஒரு லாக் பழுது என்று செய்தி வந்தது. போன வழியே திரும்பினோம். நிறுவனத்தார் நல்லவர்கள், தங்களால் இயன்ற சலுகையைக் கொடுத்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டு மீண்டும் போகலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. அந்தத் தொகைக்கு வேறு இடத்திற்குப் போய்விடலாம் என்றே எல்லோருக்கும் தோன்றுகிறது. மாமியார் மட்டும், "அந்தத் தொட்டியில தண்ணி ஏறும்போது பிள்ளையைத் தொட்டில்ல போட்டுத் தூக்குற மாதிரி இருந்துச்சு, இன்னொரு தடவை போகணும்" என்கிறார்.

கரைநடை எழுதியது:

செங்கல்சுண்ணாம்பு அவர்களின் விளக்கத்திற்கு நன்றி. கரையும் நீரும் எல்லோருக்கும் பொது என்பதை ஏற்கிறேன். செவிலியர் தங்கை எழுதியதைப் படித்த பிறகு "பொழுதுபோக்கு" என்ற சொல்லையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு ஐயம் மிச்சம் இருக்கிறது. அரசு ஏற்கெனவே ஆண்டுதோறும் மானியம் கொடுக்கிறது அல்லவா? இன்னும் பத்தாண்டுக்கு 40 கோடி பவுண்டு கொடுக்கப் போவதாகவும் செய்தி வந்தது. அது சிறு தொகை இல்லையே.

செங்கல்சுண்ணாம்பு எழுதியது:

அந்தச் செய்தியைப் பலரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். எனவே எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

2012 ஜூலையில் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களை அரசு நிறுவனமான பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து எடுத்து, கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழி. 15 ஆண்டுகளுக்கு மானியம் தருவதாக உடன்படிக்கை. அது 2027 மார்ச்சில் முடிகிறது. அதன் பிற்பகுதியில் மானியம் ஆண்டுக்கு 5.26 கோடி பவுண்டு. 2023 ஜூலையில் அறிவித்த புதிய தொகை 2027 முதல் பத்தாண்டுக்கு மொத்தம் 40.1 கோடி. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆண்டுக்கு 4.01 கோடி; அதுவும் ஆண்டுதோறும் ஐந்து விழுக்காடு குறைந்துகொண்டே போகும். விலைவாசியைக் கணக்கில் எடுக்காமலேயே ஆண்டுக்கு ஒன்றேகால் கோடி பவுண்டு குறைகிறது. மரம், எஃகு, கூலி ஏறிய ஏற்றத்தைச் சேர்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். பத்தாண்டில் உண்மை மதிப்பில் 30 கோடிக்கு மேல் இழப்பு என்று அறக்கட்டளையே அப்போது கணக்குச் சொன்னது. அந்த ஆண்டுதான் படகுச் சங்கங்கள் பலவும் ஒன்றுசேர்ந்து நிதி கோரும் இயக்கத்தைத் தொடங்கின.

உரிமக் கட்டணத்தை ஏற்றி இந்தப் பள்ளத்தை நிரப்பலாமா? 1.25 கோடியை இந்த வலைப்பின்னலில் உள்ள ஏறத்தாழ 35,000 படகுகளுக்குப் பங்கிட்டால் ஒரு படகுக்கு ஆண்டுக்கு 350 பவுண்டுக்கு மேல் வருகிறது. இது கதவு வரிசையைக் குறைப்பதற்கான பணம் அல்ல. இன்றைய நிலையில் நிற்பதற்கு மட்டும். கட்டணம் அப்படி ஏறினால் சிலர் படகை விற்பார்கள், மீதமுள்ளவர்களின் பங்கு மேலும் ஏறும்.

எல்லாவற்றையும்விட நீர்த்தேக்கங்களை நினைத்துத்தான் எனக்கு அச்சம். 70க்கும் மேற்பட்டவை அந்த அமைப்பின் பொறுப்பில் இருக்கின்றன. 2019 ஆகஸ்டு 1ஆம் தேதி வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே டாட்புரூக் அணையின் மிகைநீர் போக்கி பெருமழையில் பெயர்ந்துபோனது. ஏறத்தாழ 1,500 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொட்டியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அதை ஆராய்ந்த தனிக்குழு, போக்கியின் வடிவமைப்புக் குறையை முதன்மைக் காரணமாகவும், ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு நடந்த பராமரிப்பை அதை மோசமாக்கிய காரணமாகவும் குறிப்பிட்டது. அந்த நீர்த்தேக்கம் பீக் ஃபாரஸ்ட் கால்வாய்க்கு நீர் தருவதற்காகக் கட்டப்பட்டது. அணைக்குச் செலவழித்தே ஆக வேண்டும், அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அப்படி ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் லாக் கதவுக்கு.

தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது எண்ணினால், பிரிட்ஜ்வாட்டர் கால்வாயைப் பார்க்க வேண்டும். அது தனியார் நிறுவனத்துடையது. 2025 புத்தாண்டு நாளில் டன்ஹம் மாஸி அருகே கரை உடைப்பெடுத்தது. அன்று பெய்த மழை கடுமையானது என்பது உண்மை. ஆனால் பல கால்வாய்களை இணைத்துச் சுற்றிவரும் செஷைர் வட்டப் பாதையின் ஒரு கண்ணி அறுந்ததால், அதன் வழியே போக வேண்டியவர்கள் எல்லோரும் நெடுந்தூரம் சுற்ற வேண்டியதாயிற்று.

ஞாயிறுத்தொண்டர் எழுதியது:

ஏழு ஆண்டுகளாக வார இறுதிகளில் லாக் காப்பாளராகத் தொண்டு செய்கிறேன். பணம் பற்றிய விவாதத்தில் சேர்ப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கதவருகே நின்று பார்ப்பதை மட்டும் எழுதுகிறேன்.

பழுதுகளில் ஒரு பங்கு நம் கையாலேயே வருகிறது. மதகை இறக்கும்போது விண்ட்லாஸால் சுற்றி இறக்காமல், தடுப்புக் கொக்கியைத் தட்டிவிட்டுத் தொப்பென்று விழவிடுகிறார்கள். பலகை கீழே மோதும் சத்தம் எனக்கு நெஞ்சில் விழும். நாற்பது முறை அப்படி விழுந்தால் பல்சட்டம் வளையும், அல்லது பலகை பிளக்கும். கதவு பாதி திறந்ததுமே படகின் மூக்கால் இடித்துத் திறப்பவர்களும் உண்டு. பதினெட்டு டன் எஃகு மெதுவாக இடித்தாலும் இடிதான். கதவின் அடியில் மரக்கட்டையோ, மூழ்கிய மிதிவண்டியோ சிக்கியிருந்தால் இழுத்துப் பார்க்காமல் பலத்தைக் காட்டினால், கதவு ஊன்றிச் சுழலும் குதிகால் அதன் குழியிலிருந்து நழுவும். அப்புறம் பாரந்தூக்கி வர வேண்டும்.

கசியும் லாக்கில் ஒரு பேராபத்து இருக்கிறது. வடகரை அண்ணா இதைக் குறிப்பிடவில்லை. மேல்கதவின் அடியில் செங்கல் மேடை ஒன்று தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இறங்கும்போது படகின் பின்முனை அதில் மாட்டிக்கொண்டால், முன்பக்கம் மட்டும் இறங்கி, சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். அதற்காகத்தான் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். கசிவு பீய்ச்சும்போது, நனையாமல் இருக்க முன்னே போனால் முன்கதவில் இடிக்கும் என்று பயந்து சிலர் பின்வாங்குவார்கள். கோடும் பாசி படிந்து தெரியாது. இரண்டு முறை நான் ஓடிப்போய் மதகை மூடியிருக்கிறேன். ஒரு முறை உள்ளே ஒரு கைக்குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. எனவே நீர் வடியும்போது ஒருவர் கண் எப்போதும் படகின் பின்முனை மேல் இருக்க வேண்டும். மதகருகே நிற்பவர் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

பழுதைத் தெரிவிப்பதிலும் நாம் சற்று அக்கறை காட்டலாம். "லாக் மோசம்" என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. லாக்கின் எண், மேல்கதவா கீழ்க்கதவா, கரைப்பாதைப் பக்கமா எதிர்ப்பக்கமா, மதகு எத்தனை பல் உயர்ந்து நிற்கிறது, தேதி, ஒரு படம். இவ்வளவு இருந்தால் பணியாளர் சரியான உதிரிப் பாகத்தோடு ஒரே முறை வருவார். இல்லாவிட்டால் ஒரு முறை பார்க்க, ஒரு முறை செய்ய என்று இரண்டு நடை.

நாடோடிப்படகு எழுதியது:

வெள்ளைக் கோட்டைத் தேய்த்துக் கழுவ அனுமதி தேவையா, ஐயா? என்னிடம் நீண்ட கைப்பிடித் துடைப்பம் இருக்கிறது. ஒவ்வொரு லாக்கிலும் தொட்டி காலியாக இருக்கும்போது ஐந்து நிமிட வேலைதான்.

ஞாயிறுத்தொண்டர் எழுதியது:

படகில் நின்றபடி, ஏணியைப் பிடித்துத் தொங்காமல் செய்வதாக இருந்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. வண்ணம் பூசுவதை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள் அம்மா; பழைய சுவருக்கு ஏற்ற பூச்சு வேறு. நீங்கள் இப்போது இருக்கும் கால்வாயைத் தனிமடலில் சொன்னால் அந்தப் பகுதித் தொண்டர் குழுவோடு இணைத்துவிடுகிறேன்.

கரைநடை எழுதியது:

படகு இல்லாதவர்களும் தொண்டர் குழுவில் சேரலாமா? சனிக்கிழமைகளில் எனக்கு ஓய்வு உண்டு. மானியம் தொடர்பாக எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதமும் எழுதலாம் என்றிருக்கிறேன். படகு வைத்திருப்பவர் எழுதினால் தன் செலவுக்காகக் கேட்கிறார் என்பார்கள். கரையில் நடப்பவன் எழுதினால் வேறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. செங்கல்சுண்ணாம்பு அவர்கள் இசைந்தால் அந்த மானிய எண்களை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

செங்கல்சுண்ணாம்பு எழுதியது:

தாராளமாக. அதோடு 1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தையும் குறிப்பிடுங்கள். நீர்வழிகளை வணிக வழி, பயண வழி, எஞ்சியவை என்று மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டையும் படகு போகத் தகுந்த நிலையில் வைத்திருப்பது கடமை என்று அது விதித்திருக்கிறது. பயண வழிகளுக்கு அளவுகோல், 1967 டிசம்பர் 8ஆம் தேதியோடு முடிந்த ஒன்பது மாதங்களில் அங்கே வழக்கமாகப் போய்வந்த படகுகளின் அளவு. கடமையைச் சட்டத்தில் எழுதி வைத்தது நாடாளுமன்றம். அதற்கான பணத்தைக் குறைப்பதும் அதே நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு. கடிதத்தில் இந்த ஒரு பத்தி போதும்.

வடகரை எழுதியது:

தொண்டர் சொன்ன முறைப்படி ஏழாவது லாக்கைப் பற்றி மீண்டும் எழுதினேன்: கீழ்க்கதவு, எதிர்ப்பக்க மதகு, மேல்கதவில் நீர் பீய்ச்சும் இடங்களின் படம், நனைந்த அட்டையின் படமும். நான்காம் நாள் பதில் வந்தது. மேல்கதவு ஏற்கெனவே இந்தக் குளிர்காலப் பணிப் பட்டியலில் இருந்ததாம். கீழ்க்கதவு மதகையும் அதே வேலையில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜனவரி இரண்டாம் வாரம் இருபுறமும் தடுப்புப் பலகை இறக்கித் தொட்டியை வற்றவைக்கப் போகிறார்கள்.

அன்று நானும் மனைவியும் போவதாக இருக்கிறோம். கதவு செய்த ஆண்டை மரத்தில் பொறித்திருப்பார்கள் அல்லவா? இதுவரை பாசிக்கும் புல்லுக்கும் அடியில் அது எங்கள் கண்ணில் படவே இல்லை. பழைய கதவைத் தூக்கிக் கரையில் கிடத்தியதும் சுரண்டிப் பார்த்து, அந்த எண்ணை இங்கே பதிகிறேன்.